கண்டதைச் சாட்சியம் சொன்ன கிரனடா வஜீர்

ஒரு தெருவில் பத்து வீடுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அத்தெருவில் கொள்ளை நோய் புகுகிறது. ஒன்பது வீடுகளிலிருந்து ஜனாஸாக்கள் புறப்படுகின்றன. பத்தாவது வீட்டில் ஒரு குழந்தைக்குக்கூடக் காய்ச்சல் இல்லை. நாம் என்ன செய்வோம்? ஒன்பது வீட்டாருக்காகவும் கண்ணீர் வடிப்போம். பத்தாவது வீட்டாரைப் பாக்கியவான்கள் என்போம். அத்தோடு நம் அலுவலைப் பார்க்கச் சென்றுவிடுவோம்.

அந்தப் பத்தாவது வீடு ஏன் தப்பியது? இக்கேள்வியைக் கேட்டு, விடையைத் தேடி, கண்டதை மறைக்காமல் எழுதி வைத்த முஸ்லிம் பேரறிஞர் ஒருவரின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். ஒரு நோய் எந்த மக்களைப் பிடித்தது, எந்த மக்களை விட்டது, இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு என்ன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று உலகெங்கும் ஒரு தனிக்கலையாக வளர்ந்து நிற்கிறது. அக்கலைக்குப் பெயரே இல்லாத காலத்தில், ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன், அவர் அதைச் செய்தார். அவர்தாம் லிஸானுத்தீன் இப்னுல் கதீப் (ரஹ்).

உறங்காத அமைச்சர்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், கிரனடாவுக்கு மேற்கே லோஜா என்றோர் ஊர் உண்டு. அங்கு 1313-ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 713-இல் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முஹம்மது. முன்னோர் ஒருவர் அவ்வூரில் குத்பா ஓதும் கதீபாக விளங்கியமையால், அக்குடும்பத்தார்க்கு அதுவே குடிப்பெயராக நிலைத்தது. மார்க்கத்தின் நாவு எனப் பொருள்படும் லிஸானுத்தீன் என்பது அவரது புலமைக்குக் கிடைத்த சிறப்புப் பெயர்.

ஒரு காலத்தில் ஸ்பெயின் முழுவதும் பரந்திருந்த முஸ்லிம் ஆட்சி, அப்போது கிரனடா என்னும் சிறு நாட்டளவில் சுருங்கிவிட்டிருந்தது. அல்ஹம்ரா மாளிகையிலிருந்து நஸ்ரீ வமிசத்துச் சுல்தான்கள் ஆண்டு வந்தனர். இளைஞர் முஹம்மது அத்தலைநகரிலேயே கல்வி பயின்றார். இலக்கியமும் மார்க்கச் சட்டமும் கற்றதோடு, யஹ்யா இப்னு ஹுதைல் என்னும் அறிஞரிடம் மருத்துவமும் தத்துவமும் கற்றார். இந்த மருத்துவக் கல்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரும் பயன் தரப்போகிறது.

1340-ஆம் ஆண்டு தரீஃபாவுக்கு அருகே நடந்த பெரும் போரில் முஸ்லிம் படை தோற்றது. அப்போர்க்களத்தில் அவருடைய தந்தையும் தமையனும் ஒரே நாளில் உயிர் நீத்தார்கள். இருபத்தேழு வயதினிலே குடும்பத்தின் இரு தூண்களையும் இழந்து நின்ற அவர், அரண்மனைச் செயலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். செயலகத் தலைவராக இருந்தவர் கவிஞர் இப்னுல் ஜய்யாப். அவருக்குக் கீழே பணி கற்று, விரைவிலேயே அரசாங்கக் கடிதங்களின் நடைக்கு இலக்கணம் வகுத்தவர் எனப் பெயர் பெற்றார்.

அவருக்கு ஒரு நோய் இருந்தது. இரவில் உறக்கம் வராது. வேறொருவராயின் அதை எண்ணியே வாடியிருப்பார். அவரோ பகலை அரசுக்கும் இரவை நூல்களுக்கும் பங்கிட்டுக் கொண்டார். வரலாறு, கவிதை, மருத்துவம், தஸவ்வுஃப் என ஏறத்தாழ அறுபது நூல்கள் அவ்விரவுகளில் பிறந்தன. கிரனடாவின் வரலாறாகவும் அதன் பெரியோர் வரலாறாகவும் அமைந்த இஹாத்தா என்னும் பெருநூல் அவற்றுள் தலையாயது. இதனாலேயே மக்கள் அவரை இரு ஆயுள் உடையவர் என்று அழைத்தார்கள்.

வந்தது தாஊன்

1348-ஆம் ஆண்டின் கோடையில் கிரனடா நாட்டுத் துறைமுகமான அல்மரீயாவில் தாஊன் என்னும் பிளேக் நோய் காலெடுத்து வைத்தது. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டிற்று. காய்ச்சல் கொதித்தது. சிலர் இரத்தம் கக்கினர். அவர்கள் பிழைப்பது அரிதாயிற்று. முதலில் புறநகர் ஏழைகளின் குடிலில் தோன்றிய நோய், மறு ஆண்டின் தொடக்கம் வரை அந்நகரை விடவில்லை.

அல்மரீயாவில் இப்னு காத்திமா என்னும் மருத்துவர் இருந்தார். இவர் இப்னுல் கதீபின் நண்பர். நோய் தாண்டவமாடிய நாட்களிலேயே அவர் எழுதுகோலைக் கையிலெடுத்தார். தம் ஊரில் மிகக் கடுமையான நாளிலும் இறந்தவர் எழுபது பேர் அளவில் நின்றதையும், தூனிஸ் நகரில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகச் செய்தி வந்ததையும் ஒப்பிட்டு எழுதினார். இறந்தவர்களின் துணிகளும் படுக்கைகளும் விற்கப்பட்ட சந்தையில் வணிகம் செய்தோர் அநேகமாக எல்லாருமே மாண்டுபோனதையும் குறித்தார். கண்ணால் கண்டதை எழுதிய அம்மருத்துவர், நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்று அறுதியிட்டுச் சொல்ல மட்டும் தயங்கினார். ஒவ்வொரு நோயும் இறைவன் நேரே படைப்பதே என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தாஊனிலேயே செயலகத் தலைவர் இப்னுல் ஜய்யாப் 1349-இல் மவுத்தானார். அவருடைய இடத்தில் இப்னுல் கதீப் அமர்த்தப்பட்டார்; வஜீர் பதவியும் தொடர்ந்து வந்தது. ஆசானைக் கொண்டுபோன நோயே மாணவரை உயர்த்தி வைத்தது. வட ஆப்பிரிக்காவில், பிற்காலத்தில் வரலாற்றுக் கலையின் தந்தையாகப் புகழ் பெறவிருந்த இப்னு கல்தூன், அப்போது பதினேழு வயது இளைஞர். தூனிஸ் நகரில் அவரும் தம் பெற்றோரை அதே நோய்க்குப் பறிகொடுத்தார். 1350-இல் ஜிப்ரால்டரை முற்றுகையிட்டிருந்த காஸ்டில் மன்னர் பதினொன்றாம் அல்ஃபோன்ஸோவும் பாசறையிலேயே பிளேக்கால் இறந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் இப்னுல் கதீபின் தந்தையும் தமையனும் வீழ்ந்த போரில் வெற்றி பெற்றவர் இம்மன்னரே. அந்நோய் மதத்தையும் பார்க்கவில்லை, மகுடத்தையும் பார்க்கவில்லை.

பிழைத்தவர்களைத் தேடினார்

வஜீரின் மேசைக்கு நாலா பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வரும். கப்பல் மாலுமிகளும் தூதர்களும் வணிகர்களும் செய்தி கொண்டுவருவார்கள். மருத்துவம் பயின்ற அவ்வஜீர், அச்செய்திகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். கொடிய நோயைப் பற்றிக் கேட்போர்க்கு நிறைவளிக்கும் விடை எனப் பொருள்படும் தலைப்பில் சிறு நூல் ஒன்று எழுதினார். அளவில் சிறியதாயினும், அதில் அவர் அடுக்கிய சான்றுகளைச் சற்றே நின்று பாருங்கள்.

நோயாளியோடு நெருங்கிப் பழகியவர் பெரும்பாலும் மாண்டனர், நெருங்காதவர் பிழைத்தனர். நோயாளி உடுத்திய உடையும், புழங்கிய பாத்திரமும், அணிந்த காதணியுங்கூட நோயைக் கொண்டுசென்றன. ஒரு வீட்டில் நோய் முதலில் ஒருவருக்கு வந்தது. பிறகு அவரோடு இருந்தோர்க்கு. பிறகு அண்டை வீட்டார்க்கு. பிறகு அவர்களைக் காண வந்த உற்றார்க்கு. நலமாயிருந்த துறைமுகம் ஒன்றில் நோயுள்ள நாட்டிலிருந்து ஒருவர் வந்திறங்கினார். அந்நாள் முதல் அத்துறைமுகத்தில் நோய் கண்டது.

நோயுற்றவர்களை எண்ணியதோடு அவர் நின்றுவிடவில்லை. நோயுறாதவர்களையும் தேடிச் சென்றார். அவரது நுண்ணறிவு விளங்குவது இங்கேதான்.

மொராக்கோ நாட்டு ஸலா நகரில் இப்னு அபீ மத்யன் என்னும் பக்திமான் ஒருவர் வாழ்ந்தார். நோய் தொற்றும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. வீட்டுக்கு வேண்டிய உணவுப் பொருள்களைச் சேமித்துக்கொண்டு, பெருங்குடும்பத்தோடு உள்ளே சென்று, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். நகரம் அழிந்தது. அவ்வீட்டில் மட்டும் ஓர் உயிர் கூடப் போகவில்லை.

ஸெவில் நகரம் அப்போது கிறிஸ்தவ மன்னர் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள கப்பற்பட்டறையில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் கைதிகள் அடைபட்டுக் கிடந்தனர். நகரத்தார் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, ஊரோடு கலவாத அக்கைதிகளை நோய் தீண்டவில்லை. ஆப்பிரிக்கப் பாலைவெளிகளில் கூடாரமடித்து நாடோடிகளாகத் திரிந்த அரபியரும் அவ்வாறே தப்பினர்.

ஒருபுறம் செல்வக் குடும்பம், மறுபுறம் சங்கிலி பூண்ட கைதிகள், மற்றொருபுறம் கூடாரவாசிகள். உணவும் உடையும் இருப்பிடமும் வேறு வேறு. இம்மூவர்க்கும் பொதுவானது ஒன்றே: நோயுற்ற மக்களோடு அவர்கள் கலந்து பழகவில்லை. இதைக் கண்ட பிறகு, தொற்று உண்மை என்பதை அனுபவமும் ஆராய்ச்சியும் ஐம்புலனும் நம்பத்தக்க செய்திகளும் ஒருங்கே மெய்ப்பிக்கின்றன என்று அவர் ஐயத்திற்கு இடமின்றி எழுதினார்.

மார்க்கச் சிக்கல்

இப்படி எழுதுவது அன்று எளிய காரியமன்று. தொற்று என்பது இல்லை எனப் பொருள்படும் நபிமொழி ஒன்று உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அறியாமைக் காலத்து அரபியர், நோய்க்குத் தன்னிச்சையான சக்தி இருப்பதாக நம்பினர். அந்நம்பிக்கையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் களைந்தார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்றும், தாஊன் கண்ட ஊருக்குள் செல்ல வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் அதனை விட்டு ஓடவும் வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பயணப்பட்டபோது, அங்கே தாஊன் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் கேள்வியுற்றுத் திரும்பிவிட்டார்கள். இறைவன் விதியிலிருந்து ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியதும், ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடை பகர்ந்ததும் நாம் அடிக்கடி கேட்கும் வரலாறு.

விரிவுரையாளர் பலர் இவற்றை இணைத்து, நோய் தானாகத் தொற்றுவதில்லை, இறைவன் நாடினால் காரணங்களின் வழியே பரவும் என விளக்கம் தந்துள்ளார்கள். ஆயினும் தாஊன் பரவிய நாட்களில், தொற்றே கிடையாது, ஆதலால் விலகி நிற்கத் தேவையில்லை என்று பத்வா வழங்கியோரும் இருந்தனர். அவர்களை இப்னுல் கதீப் கடுமையாகச் சாடினார். அப்பத்வாக்களை நம்பிப் பல உயிர்கள் போயின என்பது அவரது குற்றச்சாட்டு. புலன்களும் கண்கூடான சான்றும் ஒன்றை உறுதியாக மெய்ப்பித்துவிட்டால், அதற்கு முரணாகத் தோன்றும் வாசகத்துக்கு உரிய விளக்கம் காண வேண்டுமென்பது அவர் வகுத்த விதி. நபிமொழியை அவர் மறுக்கவில்லை. அதைப் புரிந்துகொண்ட விதத்தில் பிழை இருக்கக்கூடும் என்றார். ஆப்பிரிக்காவில் இறையச்சமுள்ள அறிஞர் சிலர், தாம் முன்பு அளித்த பத்வாவைச் சாட்சிகள் முன்னிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டதையும் அவர் எடுத்துக்காட்டினார். தம்மை நம்பியவர்கள் தம்மாலேயே அழிவை நாடிச் செல்லக் கூடாதே என்ற அச்சம் அவர்களை ஆட்கொண்டது. தவறு உணர்ந்தபின் அதை ஊரறியத் திருத்திக்கொண்ட அப்பெரியார்களின் உள்ளத் துணிவை எண்ணிப் பாருங்கள்.

எதிர்த்தரப்பாரின் கவலையையும் நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. தொற்று உண்டென்று எல்லாரும் அஞ்சி ஒதுங்கிவிட்டால், நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பவர் யார்? மையித்தைக் குளிப்பாட்டுபவர் யார்? பெற்ற தாயைப் பிள்ளை விட்டு ஓடினால் சமுதாயம் என்னாவது? பிளேக் கண்ட பல நாடுகளில் அவ்வாறு நடக்கவே செய்தது. ஆகவே அவர்களது கேள்வியிலும் மனிதநேயம் இருந்தது. நோயாளியைக் கைவிடாமலும், நோயைப் பரப்பாமலும் இருப்பது எப்படி என்பதே அன்றும் இன்றும் விடை காண வேண்டிய சோதனை.

காலம் தந்த தீர்ப்பு

ஐந்து நூற்றாண்டுகள் உருண்டோடின. 1854-இல் லண்டன் மாநகரின் ஒரு பகுதியில் காலரா பரவி ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தபோது, அதே வட்டாரத்திலிருந்த ஏழையர் இல்லம் ஒன்றைக் கவனித்தார். அங்கிருந்த 535 பேரில் ஐவரே இறந்திருந்தனர். காரணம் தேடினார். அவ்வில்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது. தெருக்குழாயின் தண்ணீரை அவர்கள் குடிக்கவில்லை. நோய் அத்தண்ணீரில் இருக்கிறது என்ற அவரது முடிவுக்கு இது வலிமை சேர்த்தது. இன்றைய கொள்ளை நோய் ஆராய்ச்சிக்கு அடிப்படை இட்டவர்களுள் ஒருவராக அவரை உலகம் போற்றுகிறது. ஸெவில் கைதிகளைக் கண்டு இப்னுல் கதீப் கேட்ட கேள்வியும், லண்டன் ஏழையரைக் கண்டு ஸ்னோ கேட்ட கேள்வியும் ஒன்றேயன்றோ?

பிளேக்கின் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்ஸாந்தர் யெர்ஸின் கண்டறிந்தார். எலியிலிருந்து மனிதனுக்கு அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898-இல் பால் லூயி ஸிமோன் காட்டினார். 1348-49-இல் லண்டனில் பிளேக்கால் இறந்து புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து அதே கிருமியின் மரபணுவை 2011-இல் அறிஞர்கள் படித்தறிந்தார்கள்.

எலியும் தெள்ளும் இப்னுல் கதீபுக்குத் தெரியாது. கெட்டுப்போன காற்றும் நோய்க்குக் காரணம் என்ற பழங்கொள்கையை அவரும் விடவில்லை. நாடோடிகள் தப்பியதற்குத் திறந்தவெளிக் காற்றையே காரணமாகச் சொன்னார். காதணி நோய் பரப்பியதாகச் சொன்னதும் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் உடையிலும் படுக்கையிலும் தெள்ளு ஒளிந்து செல்லும். நுரையீரலைப் பற்றிய பிளேக் மூச்சின் வழியே பரவும். கப்பலோடு எலியும் கரையிறங்கும். காரணத்தின் உருவைக் காணாதபோதும், அது நடந்து சென்ற பாதையை அவர் பெரும்பாலும் சரியாகவே வரைந்துவிட்டார்.

இரண்டு கபுருகள்

இத்துணைப் பெரிய அறிஞரின் முடிவு துயரமானது. 1354-இல் பெருநாள் தொழுகையின்போது சுல்தான் முதலாம் யூசுஃப் கொல்லப்பட்டார். அவர் மகன் ஐந்தாம் முஹம்மது 1359-இல் அரியணை இழந்து மொராக்கோவில் தஞ்சம் புகுந்தார். வஜீரும் உடன் சென்று, ஸலா நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1362-இல் சுல்தான் நாட்டை மீட்டதும், முன்னிலும் பெரிய அதிகாரம் அவர் கைக்கு வந்தது. அதிகாரம் வளர வளரப் பகையும் வளர்ந்தது. அவரும் குறையற்றவர் அல்லர். பிடிக்காதவர்களை எழுத்தால் சுட்டுப் பொசுக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. சுல்தானின் மனம் மாறுவதை உணர்ந்த அவர், 1371-இல் எல்லைக் கோட்டைகளைப் பார்வையிடச் செல்வதாகச் சொல்லி, ஜிப்ரால்டர் வழியே கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார்.

கிரனடாவில் அவர்மீது சமய நிந்தைக் குற்றம் சுமத்தப்பட்டது. இறைக்காதலைப் பற்றி அவர் எழுதிய தஸவ்வுஃப் நூலே அதற்குச் சாக்காயிற்று. பிளேக் நூலுக்காக அவர் தண்டிக்கப்படவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடிப்படையில் அது அரசியல் பகையே. அடைக்கலம் தந்திருந்த மொராக்கோ சுல்தான் 1372-இல் காலமானார். 1374-இல் கிரனடாவின் துணையோடு அங்கே புதிய சுல்தான் பட்டத்துக்கு வந்ததும், ஃபாஸ் நகரில் இப்னுல் கதீப் சிறை வைக்கப்பட்டார். அவரை விசாரிக்கக் கிரனடாவிலிருந்து வந்த புதிய வஜீர் யார் தெரியுமா? அவரே கை பிடித்து வளர்த்த மாணவர், கவிஞர் இப்னு ஸம்ரக். விடுதலைக்காக இப்னு கல்தூன் பரிந்து பேசினார், பயனில்லை. தீர்ப்பு வருமுன்னரே, கூலியாட்கள் இரவில் சிறைக்குள் புகுந்து அவர் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அடக்கம் செய்த உடலும் அமைதி பெறவில்லை. கபுரைத் தோண்டி எடுத்து, வெளியே போட்டுத் தீ வைத்துவிட்டார்கள். கருகிய உடல் மீண்டும் அடக்கப்பட்டது. இரு ஆயுள் உடையவர் என்று அழைக்கப்பட்டவரை, இரு கபுரு உடையவர் என்றும் மக்கள் அழைக்கலாயினர். அவரைக் கைவிட்ட மாணவரும் பின்னாளில் கொலையுண்டே மாண்டார்.

உடலை எரித்தார்கள், கிரனடாவில் அவருடைய நூல்களையும் எரித்தார்கள். ஆயினும் எல்லாம் அழியவில்லை. அவர் வரலாற்றையும் எழுத்துக்களையும் பதினேழாம் நூற்றாண்டில் அல்மக்கரீ என்னும் அறிஞர் பெருநூலாகத் தொகுத்தார். பிளேக்கைப் பற்றிய அச்சிறு ஏடு ஸ்பெயினில் எஸ்கோரியல் நூலகத்தில் தங்கியிருந்து, 1863-இல் அச்சேறியது.

2020-ஆம் ஆண்டில் ஜும்ஆ நாளிலும் பள்ளிவாசலின் கதவு அடைபட்டிருந்த வெள்ளிக்கிழமைகளை நாம் மறந்திருக்க மாட்டோம். வீட்டின் ஒரு மூலையில் முஸல்லாவை விரித்துத் தொழுதபோது, இது ஈமானுக்குக் குறைவோ என்று நம்மில் பலர் மனம் கலங்கினோம். ஸலா நகரில் செங்கல் வைத்து வாசலை அடைத்துக்கொண்ட அப்பக்திமானும் அதே கலக்கத்தைக் கடந்தே வந்திருப்பார். அவர் பிழைத்த செய்தியை ஒருவர் எழுதி வைத்ததால்தான் இன்று நாம் அறிகிறோம்.

மார்க்க நீதிமன்றத்தில் கண்டதைக் கண்டபடி சொல்வது சாட்சியின் கடமை, மறைப்பது பாவம். இப்னுல் கதீப் செய்ததும் அதுவே. நோய் எங்கே சென்றது, எங்கே செல்லவில்லை என்று தாம் அறிந்ததை, ஊராரின் சீற்றத்துக்கு அஞ்சாமல் சாட்சியமாகச் சொன்னார். உங்கள் தெருவில் நாளை ஒரு நோய் வருமானால், படுத்திருப்பவருக்குச் செய்ய வேண்டிய கடமையை முதலில் செய்யுங்கள். பிறகு, நோய் வராத அந்தப் பத்தாவது வீட்டையும் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய அறிவுப்பணியை ஏற்றருள்வானாக!